320 எம்பி3-ஐ வீசிவிட்டு லாஸ்லெஸ் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. சுமார் 40 ஜிபி பழைய திரைப்பாடல்களும் கச்சேரிகளும் எம்பி3-யாக வைத்திருக்கிறேன், பெரும்பாலும் 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்). ப்ளூடூத் நெக்பேண்டில்தான் கேட்பேன். ‘எம்பி3 எல்லாம் சக்கை, லாஸ்லெஸ்தான் பாட்டு’ என்று சொல்லும் ஒரு கடைக்காரர், ஃப்ளாக் பாடல்கள் நிரப்பிய ஹார்டு டிஸ்க்கும், டிஜிட்டல் கோப்பை ஒலியாக்கும் டேக் கருவியும் சேர்த்து 14,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா? – வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். 14,000 கொடுத்த பிறகும் உங்கள் காதில் விழப்போவது இப்போது விழுவதுதான்.

ஃப்ளாக் என்பது லாஸ்லெஸ், அதாவது இழப்பில்லாத வகை: சி.டி.யில் இருப்பதில் எதையும் எறியாமல், ஏறக்குறைய பாதி அளவுக்கு மடித்து வைப்பது. எம்பி3 சிலவற்றை நிரந்தரமாகத் தூக்கிவிடும், அது உண்மை. ஆனால் எதைத் தூக்குகிறது? தவிலில் ஓர் அடி ஓங்கி விழும் கணத்தில், கூடவே இழையும் சுருதியின் மெல்லிய பகுதிகள் நம் காதுக்கு எட்டுவதில்லை. பெரிய ஓசைக்கு அடியில் சின்ன ஓசை மறையும் இந்த மாதிரி இடங்களில்தான் கத்தி வைக்கிறது. கேபிபிஎஸ் எண் குறையக் குறைய வெட்டு கூடும். 128 கேபிபிஎஸில் கத்தி ஆழமாகப் போய்விடும். ஜால்ரா குழைந்து சலசலக்கும், கைதட்டல் வெறும் இரைச்சலாகும். அதை யாரும் கண்டுபிடிக்கலாம். நல்ல என்கோடரில் (சுருக்கும் மென்பொருளில்) செய்த 320-ஐ அசலோடு வைத்து, எது எதென்று சொல்லாமல் போட்டுக்காட்டினால், தொழிலில் இருப்பவர்களே தடுமாறுவார்கள். அதோடு, நம் வயதில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் காது கேட்பதே அபூர்வம்.

‘24 பிட், ஹை ரெஸ்’ என்று அவர் அடுத்து ஆரம்பித்தால் இதைச் சொல்லுங்கள். 2007-இல் அமெரிக்காவின் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டி இதழில் மேயர், மோரன் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஹை ரெஸ் ஒலியையும், அதையே சி.டி. தரத்துக்கு இறக்கியதையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். 554 முறையில் சரியாகச் சொன்னது 276. பூவா தலையா போட்டாலும் அவ்வளவுதான் வரும்.

அந்த டேக் பெட்டி இன்னும் வேடிக்கை. ப்ளூடூத்தில் அனுப்பும்போது போன் எந்தப் பாட்டையும் மறுபடி சுருக்கித்தான் அனுப்புகிறது. அதைப் பிரித்து ஒலியாக்கும் டேக் உங்கள் நெக்பேண்டுக்குள்ளேயே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் பெட்டியின் வழியாகப் பாட்டு போகவே போகாது! இது கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது.

சரி, அந்த ஹார்டு டிஸ்க். இந்தக் கேள்வியில் எனக்கு உண்மையில் எரிச்சல் மூட்டுவது இதுதான். எம்பி3-ஐ எடுத்து ஃப்ளாக்காக மாற்ற ஒரு பாட்டுக்குச் சில நொடி போதும். கோப்பு சில மடங்கு பெருக்கும், பெயருக்குப் பின்னால் ஃப்ளாக் என்று வரும். போன ஒலி போனதுதான், திரும்பி வராது. ஆயிரக்கணக்கில் பாட்டு நிரப்பி விற்பவர் ஒவ்வொரு சி.டி.யாக வாங்கி உட்கார்ந்து பதிவு செய்திருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? உரிமை வாங்கியிருப்பாரா என்பதைக் கேட்கவே வேண்டாம். பென்டிரைவ் வியாபாரம், டெலிகிராம் சேனல் எல்லாம் இதே கதைதான்.

சோதிக்க ஸ்பெக் என்ற இலவச மென்பொருள் போதும். பாட்டைத் திறந்தால் வண்ணப்படம் ஒன்று வரும். 16 கிலோஹெர்ட்ஸை ஒட்டி, கத்தரிக்கோலால் வெட்டியது போல நேர்கோட்டில் மேலே எல்லாம் கறுப்பாக இருந்தால், அது பெரும்பாலும் 128-இல் இருந்து ஊதிப் பெருக்கியது.

பெரும்பாலும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பழைய பதிவுகளில் இந்தச் சோதனையை வைத்து யாரையும் திருடன் என்று சொல்லிவிடக் கூடாது. கிராமபோன் காலத்து இசைத்தட்டில் அந்த உயரத்தில் முதலிலேயே ஒன்றும் கிடையாது. கேசட்டிலும் மேலே போகப் போகப் பாட்டு மங்கி, இரைச்சல்தான் மிஞ்சும். ஆனால் அவை படிப்படியாகத் தேயும், கோடு போட்டது போல நிற்காது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. எஃப்எம் ஸ்டீரியோ ஒலிபரப்பில் 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிகாட்டும் சிக்னல் போகிறது. அதைத் தொடாமல் இருக்க, ஒலியை 15-இலேயே வெட்டிவிடுவார்கள். ஆக, ரேடியோவில் வந்த கச்சேரியை ஒருவர் ஒழுங்காக ஃப்ளாக்கில் பதிந்திருந்தாலும் படத்தில் நேர்கோடுதான் தெரியும். 15-ஆ 16-ஆ என்று பாருங்கள், எங்கே பதிந்தது என்று கேளுங்கள். புதுப் படப் பாடலுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது.

இதையெல்லாம் வாசகர் துப்பறிய வேண்டியிருப்பதே அநியாயம். ஒரே பழைய பாடல் இரண்டு ஆப்பில் இரண்டு விதமாகக் கேட்பதற்குக் காரணம் லாஸ்லெஸ் அல்ல, மாஸ்டர், அதாவது வெளியீட்டுக்கென்று தயாரித்த மூலப் பிரதி, வேறு. ஒன்றில் யாரோ சத்தத்தை ஏற்றிப் பிழிந்திருப்பார்கள். எந்த டேப்பிலிருந்து எடுத்தது, எந்த ஆண்டு மாற்றியது என்று ஒரு வரி போட மாட்டார்கள். பிஸ்கட் பாக்கெட்டில் தேதி போடாமல் விற்க முடியாத நாட்டில், பாட்டுக்கு ஒரு பளபள ‘லாஸ்லெஸ்’ பட்டை போதுமாம்.

நீங்களே பார்க்க ஆசை என்றால், உங்களிடமுள்ள ஒரு சி.டி.யைக் கணினியில் ஃப்ளாக்காக எடுத்து, அதிலிருந்தே 320 ஒன்று செய்துகொள்ளுங்கள். ஃபூபார்2000 மென்பொருளில் ஏபிஎக்ஸ் என்ற இணைப்பைச் சேர்த்தால், எது எதென்று மறைத்துப் போடும். கம்பி உள்ள ஹெட்போனில் 16 முறை கேளுங்கள். சரியாகச் சொன்னது 12-க்குக் குறைந்தால் ஊகம்தான். இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்கட்டும். இம்மி கூடினாலும் மனசு அதைத்தான் நல்லது என்னும். தோல் வாத்தியம் தனியாக ஒலிக்கும் இடத்தில், அடிக்குச் சற்று முன்னே மெல்லிய ‘உஸ்’ கேட்கிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால் அங்கேதான் தெரியும்.

வீட்டில் கேசட் ஏதாவது இருந்தால் அதை மட்டும் ஃப்ளாக்கில் பதிந்து வையுங்கள். பின்னால் இரைச்சல் நீக்கவோ வெட்டி ஒட்டவோ சுருக்காத அசல் வேண்டும். மற்றபடி 2,000, 3,000 ரூபாயில் ரப்பர் முனை காதில் சரியாகப் பொருந்தும் கம்பி இயர்போன் ஒன்று வாங்குங்கள். போனில் ஜாக் இல்லையென்றால் சில நூறு ரூபாயில் அடாப்டர் கிடைக்கும், பெரும்பாலும் அதற்குள்ளேயே டேக்கும் இருக்கும்.