டிரைக்கோடெர்மாவுக்கு ஏன் 'விரிடி'?

வேளாண் கல்லூரி மாணவி ஒருவர் கேட்கிறார்: "ஆய்வறிக்கையில் ஒரு பூஞ்சையின் பெயரை 'டிரைக்கோடெர்மா விரிடிஸ்' என்று எழுதியிருந்தேன். வழிகாட்டி அதை 'விரிடி' என்று திருத்தினார். குப்பைக்கீரைக்கு 'அமராந்தஸ் விரிடிஸ்' சரியென்றால் இது எப்படித் தவறாகும்?"

வழிகாட்டி திருத்தியதே சரி. பச்சை என்று பொருள்படும் இந்த லத்தீன் பெயரடை, ஆண்பால், பெண்பால் பெயர்களுக்கு 'விரிடிஸ்' என்றும், இரண்டுமல்லாத நடுப்பால் பெயர்களுக்கு 'விரிடி' என்றும் வரும். அமராந்தஸ் ஆண்பால், டிரைக்கோடெர்மா நடுப்பால். தமிழில் பால் பொருளைப் பற்றியது. லத்தீனிலோ அது சொல்லோடு ஒட்டிப் பிறந்தது என்பதால், பூஞ்சையின் இயல்பைப் பார்த்து இதை முடிவுசெய்ய இயலாது.

'ஆ' ஒலியில் முடிவதால் பெண்பால் என்று கொள்வதுதான் இங்கே பலரும் வழுக்கும் இடம். நெல்லின் பெயரான 'ஒரைசா சட்டைவா' அப்படிப்பட்ட பெண்பால்தான். ஆனால் 1794இல் பூஞ்சையியலாளர் பெர்சூன் சூட்டிய டிரைக்கோடெர்மா என்ற பெயர், முடியைக் குறிக்கும் 'த்ரிக்ஸ்', தோலைக் குறிக்கும் 'டெர்மா' ஆகிய கிரேக்கச் சொற்களின் கூட்டு. கூட்டுப்பெயரின் பாலை அதன் கடைசிச் சொல்லே தீர்மானிக்கிறது. டெர்மா கிரேக்கத்தில் நடுப்பால். ஆறாம் வேற்றுமையில் அது 'டெர்மாட்டோஸ்' என்றாகும். லத்தீனுக்கு வந்தபின் 'டெர்மாட்டிஸ்'. மறைந்திருக்கும் அந்த 'ட்' ஒலிதான் டெர்மடாலஜியிலும், இலைத்துளையைக் குறிக்கும் ஸ்டோமாவின் பன்மையான 'ஸ்டோமேட்டா'விலும் வெளிப்படுகிறது.

ரோமானியர்களுக்கே இந்தக் குழப்பம் இருந்தது என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். கி.மு. 200ஐ ஒட்டி நாடகங்கள் எழுதிய பிளாட்டஸ், இதே வகையைச் சேர்ந்த 'ஸ்கீமா' என்ற கிரேக்கச் சொல்லை 'ஆ'வில் முடியும் பெண்பால் சொற்களைப் போலவே வேற்றுமைப்படுத்தியிருக்கிறார். கிரேக்கம் கற்றோர் பெருகிய பிறகே நடுப்பால் வழக்கு நிலைத்தது. அறிவியல் பெயர்கள் பின்பற்றுவது அந்த வழக்கைத்தான்: தென்னையின் தஞ்சாவூர் வாடல் நோயோடு தொடர்புடைய 'கானோடெர்மா லூசிடம்', 1969இல் பெயரிடப்பட்ட 'டிரைக்கோடெர்மா ஹார்சியானம்' ஆகியவற்றின் ஈற்று 'அம்' நடுப்பால் விகுதியே.

அதற்காக 'மா' என்று முடிவதையெல்லாம் நடுப்பாலாக்கிவிடக் கூடாது. 'டயோஸ்மா ஹிர்சூட்டா' என்ற தாவரப் பெயர் பெண்பால். மணத்தைக் குறிக்கும் 'ஓஸ்மே' என்ற பெண்பால் சொல் அதன் ஈற்றில் இருக்கிறது. ஆகவே ஐயம் எழும்போது ஈற்றெழுத்தை நம்பாமல், பேரினப் பெயரின், அதாவது இருசொல் பெயரில் முதலில் வருவதன், கடைசிக் கிரேக்கச் சொல்லைப் பிரித்தெடுத்து அகராதியில் அதன் பாலைப் பாருங்கள். இரண்டாவதாக வரும் சிற்றினப் பெயர் பெயரடையாக இருந்தால் மட்டுமே இந்த இயைபு வேண்டும். 'டிரிப்பனோசோமா புரூசி' என்ற ஒட்டுண்ணியின் பெயரில் உள்ள 'புரூசி' போல ஒருவரின் பெயரை ஆறாம் வேற்றுமையில் ஏற்றவை பேரினத்தின் பாலுக்கேற்ப மாறுவதில்லை.