பிபி 110 இருந்தும் வழியில் ஏன் சரிந்தார்?

தொப்பூர் கணவாயில் அடிபட்டவருக்கு நீங்கள் போட்ட மதிப்பெண் முழு 12 வந்தும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியில் அவர் ஏன் சரிந்தார் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணக்கில் தப்பில்லை. அடிபட்டவரின் நிலை எவ்வளவு மோசம் என்று பிபி, மூச்சு, நினைவு மூன்றையும் வைத்துச் சொல்லும் ஆர்டிஎஸ் மதிப்பெண்ணில் நாடித்துடிப்புக்கு இடமே கிடையாது. பிபி 110, மூச்சு நிமிடத்துக்கு 24, நினைவை அளக்கும் கிளாஸ்கோ எண் 14 என்றால் மூன்றுக்கும் தலா 4, முழு 12 வந்துவிடும்; மேல் பிபி 89-ஐத் தாண்டினாலே அதற்கு 4 கொடுத்துவிடுகிறது.

தொப்பூர் கணவாயிலிருந்து தர்மபுரி வருவதற்குள் அவர் சரிந்ததற்குப் பெரும்பாலும் உள் ரத்தக்கசிவுதான் காரணமாக இருக்கும், வயிற்றிலோ இடுப்பெலும்பிலோ. இளவயது உடம்பு ரத்தக்குழாய்களைச் சுருக்கி, கால்பங்கு ரத்தம் போனாலும் பிபியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நீங்கள் குறித்த நாடி 132-ஐ பிபி 110-ஆல் வகுத்துப் பாருங்கள்: 1.2. வழக்கமாக இது 0.5 முதல் 0.7 வரை இருக்கும். 1-ஐத் தொட்டாலே, ரத்தம் தேவைப்படலாம் என்று ஆஸ்பத்திரிக்கு வழியிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் கையைத் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கை சில்லென்று வியர்த்து, நகத்தை அழுத்தி விட்டதும் 2 நொடிக்குள் சிவப்பு திரும்பவில்லை என்றால், பிபி என்ன காட்டினாலும் நான் அந்த நகத்தைத்தான் நம்புவேன்.

ஆனால் மார்கழிக் குளிரில் நல்ல விரலும் அப்படித்தான் இருக்கும். வலியிலும் பயத்திலும் நாடி ஏறும். நாடியைக் குறைக்கும் அட்டெனலால் என்ற பிபி மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு ரத்தம் போனாலும் நாடி அவ்வளவாக ஏறாது. அதனால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை நாடியும் பிபியும் எடுத்து, வகுத்து வரும் எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.