டிவியை அணைத்துவிட்டு உள்ளே போகும் பையன்

கேள்வி: எனக்கு வயது 43. ஒரே நிறுவனத்தில் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் புது மேலாளர் வந்தார். அன்றிலிருந்து அவர் வைத்ததுதான் சட்டம். ஒரு மின்னஞ்சல்கூட அவர் பார்க்காமல் வெளியே போகக் கூடாது. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் "இத்தனை வருஷம் என்ன கிழித்தீர்கள்?" என்று கேட்கிறார். நான் பதில் பேசுவதில்லை. போன மாதம் ஒரு வேலை தாமதமாகும் என்று பத்து நாள் முன்பே எனக்குத் தெரியும். சொன்னால் கத்துவாரே என்று கடைசி நாள்வரை சொல்லவில்லை. அதற்கும் சேர்த்துக் கத்தினார். வீட்டுக்கு வந்தால்தான் நிம்மதி. என் வண்டிச் சத்தம் கேட்டதும் பையன் டிவியை அணைத்துவிட்டு உள்ளே போய்விடுவான், வீடு அமைதியாக இருக்கும். வேலையை விட முடியாது. இவரைப் பக்குவமாகச் சமாளிப்பது எப்படி?

பதில்: உங்கள் மேலாளரைப் போன்றவர்களைப் பற்றி எனக்கு வந்த கடிதங்களை அடுக்கினால் ஒரு அலமாரி நிறையும். அதனால் அவரைப் பற்றி அப்புறம் பேசுவோம். எனக்கு அந்த டிவி வரியைத் தாண்ட முடியவில்லை.

நிம்மதிக்குச் சாட்சியாக அதை எழுதியிருக்கிறீர்கள். தம்பி, நன்றாக யோசித்துப் பாருங்கள். மேலாளர் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பேச்சை நிறுத்திவிட்டுக் கணினித் திரைக்குள் முகத்தைப் புதைப்பீர்கள். அவரும் தன் வீட்டில் போய், "நான் வந்தாலே ஆபீஸ் அடங்கிவிடும், அவ்வளவு ஒழுங்கு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டுதான் இருப்பார். உங்களுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

மேலாளர் சொன்னது வார்த்தை மாறாமல் கடிதத்தில் இருக்கிறது. பையனுக்கு என்ன வயது என்று இல்லை. மனைவியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த மனிதர் உங்கள் வீட்டில் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறார் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

1939-இல் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் என்ற மூவர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பத்து வயதுச் சிறுவர்களைச் சின்னச் சின்னக் குழுக்களாகச் சேர்த்துக் கைவேலை கொடுத்தார்கள். சில சமயம் குழுவோடு கலந்து பேசும் தலைவர், சில சமயம் எல்லாவற்றையும் தானே முடிவுசெய்து கட்டளை போடும் தலைவர் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். கட்டளைத் தலைவரின் கீழ் பல குழுக்கள் சத்தமே இல்லாமல், மந்தமாக இருந்தன. பார்க்கிறவர்களுக்கு நல்ல பிள்ளைகள். தலைவர் அறையை விட்டு வெளியே போனதும்தான் அடக்கிவைத்த முரட்டுத்தனம் வெளியே வந்தது. அங்கே இருந்தது சாந்தம் இல்லை, அமுக்கிவைத்த கோபம் என்று ஆய்வாளர்கள் புரிந்துகொண்டார்கள். உங்கள் வீட்டு அமைதியும் அந்த ரகமாகத்தான் எனக்குத் தெரிகிறது.

"குடும்பத்துக்காகத்தானே இதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறேன்" என்பீர்கள். இந்த வசனத்தை நான் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. சம்பளத்தைக் கொண்டுவருவது கடமை. கூடவே இன்னொருவருடைய கோபத்தையும் பையில் போட்டுக் கொண்டுவந்து பிள்ளையின் முன் கொட்டுவதற்கு அந்தச் சம்பளம் உரிமை தராது. நீங்கள் கை ஓங்கியிருக்க மாட்டீர்கள், கத்தக்கூட வேண்டியிருக்காது. இறுகிய முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

சரி, மேலாளர். அவரைப் புரிந்துகொள்ள வழியும் உங்கள் பையனிடம்தான் இருக்கிறது. அவன் ஒரு பரீட்சையில் தோற்றால் உங்களிடம் எப்போது சொல்வான்? கையெழுத்து வாங்கியே ஆகவேண்டிய நாளில். நீங்களும் மதிப்பெண்ணை விட்டுவிட்டு "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்றுதான் கத்துவீர்கள். உங்கள் பத்து நாளும் அதுதான். எல்லார் முன்னாலும் கத்தியது அவர் தப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது உங்கள் தப்பு. 16 வருடம் வேலை பார்த்தவர் செய்கிற காரியமா அது? வந்து எட்டு மாதமே ஆன ஒருவர், தன்னைச் சுற்றியிருக்கும் எல்லாருக்கும் தன்னைவிட அதிகம் தெரியும் என்ற பயத்தில் ஒவ்வொரு மின்னஞ்சலையும் கேட்டு வாங்குகிறார். நீங்கள் மறைத்தது அவர் பயத்துக்குச் சரியான ஆதாரமாகிவிட்டது. இனிமேல் இன்னும் இறுக்குவார்.

ஆகவே கெட்ட செய்தியை முதல் நாளே சொல்லுங்கள். கூட்டத்தில் வேண்டாம், அவர் அறையில், தனியாக. போகும்போது இரண்டு வழி கையில் இருக்கட்டும்: "இது நாலு நாள் தள்ளிப்போகும். இன்னொருவரைச் சேர்த்தால் தேதிக்கு முடியும், இல்லையென்றால் முதல் பகுதியை மட்டும் அனுப்பலாம். எதைச் செய்யட்டும்?" எல்லாம் தன்னைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும் என்பவருக்கு முடிவெடுக்கும் மரியாதை கிடைத்துவிடும். அவர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது நீங்கள் யோசித்து வைத்த வழியாகவே இருக்கும்.

மின்னஞ்சலில் முழுச் சுதந்திரம் கேட்டால் கிடைக்காது. "வழக்கமான பதில்களை உங்களுக்கும் ஒரு நகல் போட்டு நானே அனுப்பிவிடுகிறேன், புதிதாக ஏதாவது வந்தால் முதலில் காட்டுகிறேன், இரண்டு வாரம் பார்ப்போமா?" என்று கேளுங்கள். அந்த இரண்டு வாரம் ஒரு நகல்கூடத் தவறக் கூடாது.

"என்ன கிழித்தீர்கள்" விஷயத்துக்குக் கூட்டத்திலேயே பதில் சொல்ல வேண்டாம், எல்லாரும் பார்க்கும்போது அவர் இறங்கிவர மாட்டார். மறுநாள் தனியாகப் போய், "வேலையில் குறை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். நேற்று எல்லார் முன்னாலும் அப்படிப் பேசியது எனக்குக் கஷ்டமாக இருந்தது" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பழைய கணக்கையெல்லாம் எடுக்காதீர்கள். அவர் முறைப்பார், முறைக்கட்டும். வாய்மொழியாக வரும் உத்தரவுகளை மட்டும் அன்றைக்கே இரண்டு வரி மின்னஞ்சலாக, "நீங்கள் சொன்னபடி இப்படிச் செய்கிறேன்" என்று அனுப்பிவையுங்கள்.

பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொன்னாலோ, கேவலமான வசவும் மிரட்டலும் தொடர்ந்தாலோ பக்குவத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, தேதியோடு எழுதி மேலிடத்தில் புகார் கொடுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றிய 190-ஆம் உடன்படிக்கை, மனத்துக்கு இழைக்கும் கேட்டையும் பணியிடத் துன்புறுத்தலில்தான் சேர்க்கிறது. அது வெறும் சுபாவக் கோளாறு என்று யாரும் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டாம்.

ஆனால் அவரிடம் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நாளை வீட்டுக்குள் நுழைந்ததும் அணைந்த டிவியை நீங்களே போட்டுவிட்டு உட்காருங்கள். பையனைக் கூப்பிடாதீர்கள், கூப்பிட்டால் அதுவும் உத்தரவாகத்தான் அவன் காதில் விழும். முதல் நாள் வர மாட்டான். நாலைந்து நாள் ஆகலாம். வந்து உட்கார்ந்தால் பள்ளிக்கூடத்தைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். அடுத்த கடிதம் எழுதும்போது அவன் வயதையும் எழுதுங்கள்.