நட்சத்திரக் கோட்டைக்கு நுழைவுச் சீட்டு எதற்கு?

கேள்வி: மகன் ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்க்கிறான். மே மாதம் நானும் கணவரும் அவனிடம் போகிறோம். படத்தில் பார்த்த பூர்டாங்கே என்ற நட்சத்திர வடிவக் கோட்டை ஊரைப் பார்க்க ஆசை. மகனுக்கு லீவு கிடைக்காது. கார், நுழைவுச் சீட்டு, கைடு எல்லாம் சேர்த்து ஒரே நாளில் காட்டிவிடுவதாகச் சொல்லி, இங்கே ஓர் ஏஜெண்ட் 48,000 ரூபாய் கேட்கிறார். நாங்களே ரயிலில் போக முடியாதா? (வாசகி, திருச்சி)

பதில்: தாராளமாகப் போகலாம். முதலில் அந்த நுழைவுச் சீட்டைப் பார்ப்போம். திருவிழா நாட்களை விட்டுவிட்டால், கோட்டைக்குள் நுழையக் காசே கிடையாது. அது ஆட்கள் குடியிருக்கும் ஊர். உள்ளே இருக்கும் சின்னச் சின்ன அருங்காட்சியகங்களுக்குத்தான் டிக்கெட், அதையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். இலவசத்தை விலைக்கு விற்பவர் மற்ற கணக்கை எப்படிப் போட்டிருப்பார்?

நீங்கள் பார்த்த படமும் வானத்திலிருந்து எடுத்தது. தரையில் நின்றால் நட்சத்திரம் தெரியாது; புல் முளைத்த மண்மேடும் அகழியும்தான் தெரியும். ஏமாந்து போகாதீர்கள், அந்த மேட்டின் மேல் நடப்பதே தனி சுகம். ஸ்பெயினின் கையில் இருந்த க்ரோனிங்கன் நகரத்துக்கு ஜெர்மனிப் பக்கமிருந்து வரும் பாதையை மறிக்க, ஸ்பெயினை எதிர்த்த டச்சுக்காரர்களின் தலைவரான ஆரஞ்சு இளவரசர் வில்லியம் 1580-இல் இதைக் கட்டச் சொன்னார். 1593-இல்தான் முடிந்தது. சுற்றிலும் சதுப்பு, நடுவே ஒரே பாதை, அதன் மேல் கோட்டை. 1851-இல் ராணுவம் கைவிட்டு, மேடெல்லாம் கரைந்துபோன பிறகு, 1742-இல் இருந்தபடியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

வழி இதுதான்: ஆம்ஸ்டர்டாமிலிருந்து க்ரோனிங்கன், ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே வேறு ரயில் மாறி வின்ஸ்கோட்டன். அப்புறம் பஸ். பஸ் நேரத்தை 9292 என்ற செயலியில் மகனைப் பார்த்துத் தரச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்.

இனி கார்டு விஷயம். நான் பார்த்தவரை நம்மவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். தட்டிப் பணம் கட்டும் விசா அல்லது மாஸ்டர்கார்டு இருந்தால் டிக்கெட்டே வேண்டாம். ஏறும்போது ஒரு தட்டு, இறங்கும்போது ஒரு தட்டு. ரூபே செல்லாது. ஆனால் ஒரு கார்டில் ஒருவர்தான் போகலாம். உங்களுக்கு ஒன்று, கணவருக்கு ஒன்று. போனில் அதே கார்டை ஏற்றி வைத்திருந்தால், இயந்திரத்துக்கு அது வேறு கார்டு. போனைத் தட்டி ஏறிவிட்டு பிளாஸ்டிக் கார்டைத் தட்டி இறங்கினால் போன் இன்னும் ரயிலிலேயே இருப்பதாகக் கணக்கு. கார்டு புதிதாக ஏறியதாகக் கணக்கு. இரண்டிலும் பணம் போகும், ரயிலென்றால் 20 யூரோ வரை. ஆகவே காலையில் எதைத் தட்டினீர்களோ, இரவு வரை அதையேதான் தட்ட வேண்டும்.

க்ரோனிங்கனில் ரயில் மாறும்போது கம்பெனியும் மாறும். முதல் கம்பெனியின் கார்டு தட்டும் கம்பத்தில் தட்டி வெளியேறி, அடுத்த கம்பெனியின் கம்பத்தில் தட்டி நுழைய வேண்டும். ஒரே நிலையத்துக்குள் பயணிக்கு ஏன் இந்தக் கூத்து? கடலையே அணை கட்டி நிறுத்திய நாட்டுக்கு இரண்டு கம்பெனியின் கணக்கை ஒன்றாக்கத் தெரியவில்லை.

கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாடு, தட்டிப் பணம் கட்டும் வசதி இரண்டையும் திறந்துவிடுங்கள். 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் இவை மூடியே வரும். வங்கியில் யாரும் இதை வாய் திறந்து சொல்வதில்லை.

ஒரே நாளில் போய்த் திரும்பினால் வழியிலேயே பொழுது போய்விடும். கோட்டைக்குள் பழைய படைவீரர் குடியிருப்புகளிலேயே தங்கும் அறைகள் உண்டு. அலமாரி போல் சுவருக்குள் அமைந்த கட்டில். அறைகள் குறைவு, ஆகவே இப்போதே மகனிடம் சொல்லிப் பதியுங்கள். ஏஜெண்டுக்கு முன்பணம் கொடுத்தீர்களா என்று எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள்.