மூவண்ணப் பூனையின் ஜெராக்ஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மூவண்ணப் பூனை ஒன்றைக் குளோனிங் செய்தபோது குட்டி வேறு நிறத்தில் பிறந்தது என்று ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எங்கள் வீட்டிலும் ஒரு மூவண்ணக்காரி இருக்கிறாள். டிஎன்ஏ ஒன்றேதான் என்றால் நிறம் எப்படி மாறும்? பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், "ஜெராக்ஸ் எடுத்தா எழுத்து மாறுமாப்பா?" என்கிறாள்.

வெ.

அன்புள்ள வெ.,

எழுத்து மாறவில்லை என்று மகளிடம் சொல்லுங்கள். அசலிலேயே சில பக்கங்கள் பின் அடித்து மூடியிருந்தன. அதுதான் விஷயம்.

அந்தக் குட்டியின் பெயர் சிசி. 2001 டிசம்பரில் டெக்சாஸில் பிறந்தது. 87 கருக்களை வைத்துப் பார்த்ததில் பிழைத்தது இது ஒன்றுதான். அசல் பூனை ரெயின்போவுக்குச் செவலை, கறுப்பு, வெள்ளை என மூன்றும் உண்டு. சிசிக்கோ பழுப்பு வரியும் வெள்ளையும்தான், செவலை ஒரு மயிர்கூட இல்லை. செல்லப்பிராணியை அப்படியே திருப்பித் தரலாம் என்று பணம் போட்டவர்களுக்குச் சங்கடமான குட்டி!

செவலை நிறத்தைத் தரும் மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண் பூனைக்கு எக்ஸ் இரண்டு. ரெயின்போவுக்கு ஒன்றில் செவலை, மற்றதில் இல்லை. இரண்டும் சேர்ந்து வேலை செய்தால் அவற்றிலிருந்து உருவாகும் புரதங்களின் அளவு மிஞ்சிவிடும். அதனால் கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் ஒரு எக்ஸை மூடிவிடுகிறது. மூடப்போகும் எக்ஸே ஒரு ஆர்.என்.ஏ. இழையை உண்டாக்கித் தன்மேல் போர்த்திக்கொள்கிறது. அப்புறம் மெத்தில் குறிகள் (டிஎன்ஏமேல் ஒட்டி மரபணுவை அணைத்துவைக்கும் சிறு வேதிக் குறிகள்) விழுந்து பூட்டு இறுகுகிறது. எதை மூடுவது என்பது குலுக்கல் மாதிரி. ஆனால் ஒருமுறை மூடினால் அந்தச் செல்லின் வாரிசுகள் எல்லாம் அதையே மூடிவைக்கும். உங்கள் வீட்டுக்காரியின் முதுகில் இருக்கும் செவலைத் திட்டு அப்படி ஒரு வாரிசுக் கூட்டத்தின் பட்டா நிலம். (வெள்ளை வேறு கதை. நிறச் செல்கள் போய்ச்சேராத இடம் அது.)

சரி, சிசி? இயல்பான கருவில் முதலில் பெரிய அழிப்பு வேலை நடக்கும். விந்து கொண்டுவந்த மெத்தில் குறிகளில் பெரும்பகுதியைக் கருவுற்ற சில மணி நேரத்திலேயே முட்டை துடைக்கத் தொடங்கிவிடும். தாய்வழிக் குறிகள் செல் பிரியப் பிரிய மங்கும். கருப்பையில் ஒட்டும் சமயத்தில் புதிதாக எழுதப்படும். சிசியோ ரெயின்போவின் முட்டையைச் சூழ்ந்திருந்த ஒரு முதிர்ந்த செல்லின் உட்கருவை, உட்கரு நீக்கிய முட்டை ஒன்றுக்குள் வைத்ததில் வந்தவள். அந்தச் செல்லில் செவலை எக்ஸ் ஏற்கெனவே மூடியிருந்தது, முட்டையின் ரப்பர் அதை அழிக்கவில்லை என்பதுதான் பொதுவாகத் தரப்படும் விளக்கம். எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் குளோன் எலிக் கருக்களில் கதை வேறு. அவற்றின் உடலில் பூட்டு திறந்து மறுபடி குலுக்கல் நடந்ததை 2000-இல் கண்டார்கள். நஞ்சுக்கொடியில் மட்டும் பழைய பூட்டு அப்படியே இருந்தது. ரப்பர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழிப்பதில்லை.

மகளின் பாடத்தில் 'பார் உறுப்பு' என்று ஒரு கரும்புள்ளி வருமே, மூடிய எக்ஸ் சுருண்டு கிடப்பதுதான் அது. 1949-இல் அதை முதலில் பார்த்ததும் பெண் பூனையின் நரம்புச் செல்லில்தான்.

சிசி 2006-இல் இயல்பாகவே குட்டி போட்டாள். 18 வயதுவரை வாழ்ந்து 2020-இல் இறந்தாள்.