வாசகர் கேள்வி – பதில்: எண்ணெய்க் குதங்களும் பெருங்கட்டமைப்புகளும்

கேள்வி: திருகோணமலை மாவட்டத்துச் சீனக்குடாவில் காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்க் குதங்களைக் காணும்போதெல்லாம், கட்டடக்கலையில் ‘மெகாஸ்ட்ரக்சர்’ என்று சொல்லப்படுவது இதுதானோ என்று எண்ணுவேன். சரிதானா?
– வாசகர், உப்புவெளி

பதில்: அவ்வாறு கொள்ள முடியாது. பிரித்தானியர் தமது கடற்படைக்கென அமைத்த அக்குதங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் எண்ணெய் கொள்ளக்கூடியவை என்பது உண்மையே. ஆயினும் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய வான் தாக்குதலில் ஒரு குதம் அழிந்தபோது மற்றவை அப்படியே நின்றன. பெரிய பொருள்கள் பல ஓரிடத்தில் இருக்கின்றன. ஆனால் ஒன்றையொன்று தாங்கவில்லை.

கட்டடக்கலைஞர்கள் இச்சொல்லால் கருதியது வேறு. ஜப்பானியக் கட்டடக்கலைஞர் ஃபுமிஹிகோ மாகி 1964இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நகரத்தின் அல்லது அதன் ஒரு பகுதியின் எல்லாச் செயல்களையும் தன்னுள் ஏற்றுக்கொள்ளும் ஒரு மாபெரும் சட்டகத்தையே அப்பெயரால் விளக்கினார். சட்டகம் நெடுங்காலம் நிலைக்கும். அதில் பொருத்தப்படும் வீடு, கடை, அலுவலகம் போன்றவை காலத்துக்கேற்ப மாறும். சட்டகமே முதலில் பழசாகிப்போனால் அது சமூகத்துக்குப் பெருஞ்சுமையாகும் என்று அவரே எச்சரித்ததும் கவனிக்கத்தக்கது.

இக்கருத்தின் வலிமையையும் தளர்ச்சியையும் ஒருங்கே காட்டியது, கிஷோ குரொகாவாவின் வடிவமைப்பில் டோக்கியோவில் 1972இல் எழுந்த நகாகின் கோபுரமாகும். இரண்டு கொங்கிரீட் தண்டுகளில் 140 சிறுகூடுகள் திருகாணிகளால் பூட்டப்பட்டிருந்தன. ஒரு கூட்டின் அகலம் 2.3 மீற்றர், நீளம் 3.8 மீற்றர், அதற்குள் ஒரு கட்டில், சுவரோடு சேர்ந்த மடிப்பு மேசை, மிகச் சிறிய குளியலறை, வெளியே பார்க்க ஒரேயொரு வட்டச் சாளரம். ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடுகளைக் கழற்றிப் புதியவற்றைப் பூட்டுவதே திட்டம். ஆனால் ஒன்றேனும் மாற்றப்படவில்லை. நீர்க்குழாய்கள் துருப்பிடித்தன, மழைநீர் கசிந்தது, செலவைப் பற்றி உரிமையாளர்களிடையே உடன்பாடு ஏற்படவில்லை; 2022இல் கோபுரம் இடிக்கப்பட்டது. வரைபடம் இருந்தும் மாற்றும் பொறுப்பை ஏற்க எவரும் இல்லாமற்போனதே அதன் அழிவுக்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. இதற்கு மாறாக, கனடாவின் மொன்றியலில் 1967ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக மொஷே சஃப்டி 354 கொங்கிரீட் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய குடியிருப்பு இன்றும் வாழ்கிறது. அங்கே குடியிருப்போர் சிலர் அடுத்தடுத்த வீடுகளை இணைத்துத் தமக்கேற்றவாறு மாற்றிக்கொண்டதையும் நாம் மறக்கலாகாது.

கேள்வி: அப்படியானால் எமது கந்தளாய்க் குளத்தை அவ்வகையில் சேர்க்கலாமா?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: கட்டடம் அன்று என்பதால் இலக்கணப்படி சேராது. ஆனால் சட்டகம் ஒருவருடையது, உள்ளே நிகழ்வது பலருடையது என்ற அடிப்படையில் பார்த்தால், மேற்சொன்ன கோபுரத்தைவிட அது அக்கருத்துக்கு நெருக்கமானது என்றே சொல்வேன். குளக்கட்டும் மதகும் வான்கதவும் பெரிய வாய்க்கால்களும் நிலையாக இருக்க, அவற்றின் கீழ் வயல்கள் போகத்துக்குப் போகம் விவசாயிகளின் விருப்பப்படி மாறுகின்றன. குளக்கோட்டு மன்னன் கோணேசர் கோயில் வயல்களுக்காக இக்குளத்தைக் கட்டினான் என்பது எம்மவர் மரபு. கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் கோயில் தொழும்புகளை, அதாவது பணிகளை, இன்னின்னார் செய்ய வேண்டும் என்று விரிவாக வகுத்துச் சொல்வதை, கட்டியவர்கள் பராமரிப்பையும் கட்டுமானத்தின் பகுதியாகவே கண்டதற்கு அடையாளமாக நான் வாசிக்கிறேன். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை அக்கட்டு உடைந்து 100க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இம்மாவட்டத்தில் எவரும் மறக்கவில்லை. ஒரே கட்டை நம்பி ஊர்கள் பல வாழும்போது அதன் ஒரு கசிவும் ஊர்கள் அனைத்தினதும் கவலையாகிறது.

கேள்வி: சவூதி அரேபியாவின் ‘த லைன்’ நகரம் நிறைவேறுமா?
– வாசகர், மூதூர்

பதில்: 170 கிலோமீற்றர் நீளம், 500 மீற்றர் உயரம், 200 மீற்றர் அகலம், 90 இலட்சம் மக்கள் என்று அறிவிக்கப்பட்ட அத்திட்டம், மாகி எச்சரித்த இடத்திலேயே நிற்கிறது. முழுவதும் கட்டிமுடித்த பின்னரே முழுமையாகப் பயன்தரும் ஒரு நகரத்தில், இடையில் குடியேறுவோர் எதைத் திருத்த முடியும் என்பதற்கு அதன் வரைபடங்களில் எனக்கு விடை கிடைக்கவில்லை. ஆகவே அது அறிவித்த அளவில் நிறைவேறும் என்று நான் நம்பவில்லை.