லைட்டிபிடி (சின்ன வெப் சர்வர்) பேக்கேஜ் போட்டதும் ஓடுகிறது, கரண்ட் போய் வந்தால் எழவில்லை. ஏன்?

உங்கள் போர்டிலும் ஓப்பன்டபிள்யூஆர்டிதான் (ரவுட்டர் மாதிரிச் சின்னப் பெட்டிகளுக்கான லினக்ஸ்) இருக்கும் என்று நினைக்கிறேன். இதே விஷயத்தில் மானம் போனவன் நான்.

பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை. மின்சார மீட்டர்களைப் படித்துக் காட்டும் பெட்டி, 16 எம்பி ஃபிளாஷ். பேக்கேஜைக் கட்டியது நான்தான். வீட்டில் ஒரு வாரம் அசையாமல் ஓடியது. ஒரு தடவைகூட நிறுத்திப் போட்டுப் பார்க்கவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாட்டிவிட்டு வந்தேன். சனிக்கிழமை ஏதோ வயரிங் வேலைக்கு மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறார்கள். திங்கள் காலை மெயின்டெனன்ஸ் அண்ணன் போன்: "தம்பி, உங்க பொட்டியில லைட்டு எரியுது, பக்கம்தான் வரல."

பட்டர்வொர்த்திலிருந்து பாலம் ஏறிப் போனேன். பைக்குக்கு டோல் 2019-லேயே எடுத்துவிட்டார்கள், ஆனால் அன்றைக்குக் கொட்டிய மழைக்குக் கார்தான். அந்த டோலைக் கிளேம் போட்டால், "உன் தப்பைச் சரி பண்ணத்தானே போன?" என்றார் பாஸ். சனிக்கிழமைகளில் ஓசியில் வேலை பார்த்ததை யார் கணக்கு வைத்தார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சீரியல் கேபிளைச் செருகிக் லைட்டிபிடியைக் கையால் ஸ்டார்ட் செய்து பார்த்தால் ஒரே வரி: எரர் லாகை (பிழைகளை எழுதி வைக்கும் கோப்பு) திறக்க முடியவில்லை, அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை. லாக் இருக்கும் 'வார்' ஃபோல்டர், ஓப்பன்டபிள்யூஆர்டியில் 'டெம்ப்' ஃபோல்டருக்குப் போகும் வெறும் லிங்க். 'டெம்ப்' இருப்பது ரேமில். லாக் ஃபோல்டரை நான் போஸ்ட் இன்ஸ்டால் ஸ்கிரிப்டில் உண்டாக்கியிருந்தேன். அது பேக்கேஜ் ஏறும்போது ஒருமுறைதான் ஓடும். கரண்ட் போனால் ஃபோல்டரும் போச்சு. எரர் லாகைத் திறக்க முடியாவிட்டால் லைட்டிபிடி எழுந்திருக்காது.

ஃபோல்டரை உண்டாக்கும் வரியை இனிட் ஸ்கிரிப்டின் (பெட்டி எழும்போதெல்லாம் ஓடுவது) ஸ்டார்ட் பகுதிக்கு மாற்றுங்கள். அங்கேயே லைட்டிபிடியைக் கிளப்பும் கட்டளைக்குப் பெரிய 'டி' (-D) ஆப்ஷனையும் கொடுங்கள். இல்லாவிட்டால் லைட்டிபிடி பின்னணிக்குப் போய்விடும், சர்வீஸ்களைக் கிளப்பிக் கண்காணிக்கும் புராக்டி அது செத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். அப்புறம் கான்ஃபிக் கோப்பைப் பேக்கேஜின் 'கான்ஃப் ஃபைல்ஸ்' பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அப்கிரேடில் பயனர் மாற்றிய அமைப்பு அழியும்.

"ஓப்பன்டபிள்யூஆர்டியோடு கூடவே வரும் வெப் சர்வர் யூஎச்டிடிபிடி போதாதா?" என்று கீழே யாராவது வருவார்கள். தெரியும் ஐயா. எனக்கு நாலு பெட்டிகளை ஒரே முகவரியில் காட்ட ரிவர்ஸ் பிராக்ஸி (வரும் கோரிக்கையைப் பின்னாலிருக்கும் சரியான பெட்டிக்கு அனுப்பும் வசதி) தேவைப்பட்டது, அது அதில் கிடையாது.